கிராமத்துல இலவசமா படம் போட்டு ஜனங்களைப் பேச வைக்கிறது: உகாண்டாவுல ஒரு தடவை சறுக்கிட்டேன், யோசனை வேணும்

#1 செம்மண்பாதை

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒன்றரை வருஷமா வடக்கு உகாண்டாவுல, லிரா டவுனுக்கு வெளியில ஒரு தொண்டு நிறுவனத்துல இருக்கேன். பெண்கள் உடல்நலம்தான் எங்க வேலை. இந்த வருஷம் ஊர் ஊரா இலவசமா படம் போட்டு, வீட்டுக்குள்ள நடக்கிற அடி உதையைப் பத்தி ஜனங்களைப் பேச வைக்கணும்னு முடிவாச்சு. பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

போன மாசம் முதல் தடவை போட்டோம். பள்ளிக்கூட மைதானத்துல மாமரத்துக்கும் கோல்போஸ்ட்டுக்கும் நடுவுல கயிறு இழுத்து வெள்ளைத் துணி கட்டினோம். இங்க வருஷம் பூரா ஏழு மணிக்கே இருட்டிடும். ஏழேகாலுக்கு ஆரம்பிச்சப்ப 500 பேர் இருந்திருப்பாங்க. பக்கத்து ஊர்ல இருந்து சைக்கிள்ல, போடா போடான்னு சொல்ற வாடகை பைக்குல மூணு மூணு பேரா வந்து இறங்கினாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படம் வேற ஒரு நாட்டுல எடுத்தது. பேச்சு இங்கிலீஷ், கீழே எழுத்து ஓடும். முன்னால முழுக்கச் சின்னப் பிள்ளைங்க. பின்னால நிக்கிறவங்களுக்கு எழுத்து தெரியல, தெரிஞ்சாலும் பாதிப் பேர் படிக்க மாட்டாங்க. இங்க பேசுறது லாங்கோ மொழி. ஜெனரேட்டர் திரைக்குப் பக்கத்துலயே கத்திக்கிட்டு இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டியை அடிக்கிற இடம் வந்ததும் ஆம்பளைங்க பக்கமிருந்து சிரிப்பு கிளம்புச்சு. எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. பொம்பளைங்க ஓரத்துல நின்னாங்க. பாதிப் படத்துல பாதிப் பேரைக் காணோம்.

முடிஞ்சதும் எங்க ஆள் மைக்கைப் பிடிச்சு "கேள்வி இருக்கா?"ன்னு கேட்டார். யாரும் வாயே திறக்கல. பத்து நிமிஷத்துல துணியைச் சுருட்டிட்டோம்.

இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். ஜெனரேட்டரை அணைச்சப்புறம், கும்மிருட்டுல, ஒரு பெண் வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. என் வயசுதான் இருக்கும், முதுகுல குழந்தை. லாங்கோவுல ரெண்டு மூணு வாக்கியம் மெதுவா சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல. மொழிபெயர்க்கிறவர் முன்னாடியே வண்டியில ஏறி உக்காந்துட்டார். நான் அவரைக் கூப்பிட்டுத் திரும்புறதுக்குள்ள அந்தப் பெண் போயிட்டாங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மணிக்கட்டுல அந்தப் பிடி மட்டும் இன்னும் இருக்கு.

அடுத்த ஊர் ஆறு வாரத்துல. ஆப்பிரிக்காவுல இந்த மாதிரி வேலை செஞ்சவங்க, படிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. இதனால உண்மையிலேயே ஏதாவது நடக்குமா, இல்ல நாங்க ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊத்துறதோட சரியா?

#2 கம்பாலாக்காரன்

தங்கச்சி, நான் கம்பாலாவுல 14 வருஷமா எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். படத்தைப் பத்தி மத்தவங்க சொல்வாங்க, எனக்குத் தெரிஞ்ச விஷயத்தைச் சொல்றேன்.

ஜெனரேட்டரை 50 மீட்டர் தள்ளி, பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால வைங்க. கனமான ஒயர் வாங்குங்க, மெல்லிசா இருந்தா அந்த தூரத்துக்கு வோல்டேஜ் விழுந்துடும். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனம் பொறுத்துக்கும். சத்தம் சரியில்லேன்னா எழுந்து போயிடும். அதனால பணம் கம்மியா இருந்தா புரொஜெக்டர்ல மிச்சம் பிடிங்க, ஸ்பீக்கர்ல பிடிக்காதீங்க. ரெண்டு ஸ்பீக்கரையும் திரைக்கு ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல ஏத்தி வைங்க. தரையில வச்சா முன்வரிசைப் பிள்ளைங்களோட போயிடும். துணிக்குக் கீழ் ஓரத்துலயும் கயிறு கட்டணும், இல்லேன்னா காத்துல பாய்மரம் மாதிரி உப்பும்.

இன்னொண்ணு. இந்த நாட்டுல படம் பார்க்கிற பழக்கம் ஏற்கனவே இருக்கு. சந்தைக்குச் சந்தை கிபாண்டா பார்த்திருப்பீங்க: தகரக் கொட்டகை, பெஞ்சு, ஒரு டி.வி. காசு கொடுத்துப் படம் பார்க்கிற இடம். அதுல வீஜேன்னு ஒருத்தர் மைக்கோட இருப்பார். படத்தோட சத்தத்தைக் குறைச்சு, வசனத்தை லுகாண்டாவுல தன் போக்குல சொல்லிக்கிட்டே வருவார். யார் யாருக்கு என்ன முறை, அடுத்து என்ன ஆபத்து, எல்லாம் அவர் வாயில வரும். பல பேர் நடிகரை விட அந்த வீஜேவுக்காகத்தான் போறாங்க. நீங்க எழுத்து ஓட விட்டீங்க. லிராவுல லாங்கோ பேசுற ஒரு வீஜேவைப் பிடிச்சுக் கையில மைக்கைக் கொடுங்க. பாதிப் பிரச்சினை தீரும்.

#3 நாஞ்சிலான்

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து ஒருவர் வண்டியில் வந்து திரை கட்டி, "நீங்கள் வாழும் விதம் தவறு" என்று படம் காட்டிவிட்டுப் போகிறார். நம் ஊரில் பெண்டாட்டியை அடிக்கிறவன் இல்லையா? நம் ஊர்க் கோயில் திடலில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து இதே படத்தைப் போட்டால் நாம் எப்படி எடுத்துக்கொள்வோம்? கேள்வி கேட்கச் சொன்னபோது அவர்கள் பேசாமல் இருந்ததும் ஒரு பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

#4 செம்மண்பாதை

அண்ணா, கோபமே இல்ல. அந்த ராத்திரி வண்டியில திரும்பும்போது நானும் இதையேதான் நினைச்சேன். ஆனா என் கையைப் பிடிச்ச அந்தப் பெண்ணும் ஒரு பதில்தானே? அதை என்ன பண்றது?

@கம்பாலாக்காரன் அண்ணா, ஒயர் விஷயம் எழுதி வச்சுக்கிட்டேன். வீஜே யோசனை எனக்குத் தோணவே இல்ல.

#5 திரைக்குப்பின்

மதுரையில் முப்பது வருடங்களாகத் திரைப்பட இயக்கத்தில் இருக்கிறேன். நாஞ்சிலான் கேட்ட கேள்வி ஆப்பிரிக்காவில் ரொம்பப் பழைய கேள்வி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1935-இல் தங்கனீக்காவின் (இன்றைய தான்சானியா) வுகிரி என்ற இடத்தில் பாண்டு எஜுகேஷனல் கினிமா எக்ஸ்பெரிமென்ட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கார்னகி அறக்கட்டளையின் பணம். நாட்கட், லேத்தம் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பொறுப்பு. 1937 வரை சுமார் 35 படங்கள் எடுத்தார்கள். விவசாயம், கொக்கிப்புழு, சேமிப்பு, வரி இப்படி. லாரியில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு தங்கனீக்கா, கென்யா, உகாண்டா, நியாசாலாந்து (இன்றைய மலாவி), வட ரொடீசியா (இன்றைய ஜாம்பியா) என்று சுற்றினார்கள். உங்கள் உகாண்டாவுக்கும் தொண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே அந்த லாரி வந்திருக்கிறது, அம்மா. அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும்: பேச்சைத் தனியாக இசைத்தட்டில் பதிந்து, ஒரே படத்துக்குப் பல உள்ளூர் மொழிகளில் ஒலி கொடுத்தார்கள். அன்றைக்கே அது தெரிந்திருந்தது.

அடுத்து 1939-இல் பிரிட்டிஷ் அரசு காலனி நாடுகளுக்கென்று ஒரு திரைப்படப் பிரிவைத் தொடங்கியது. தலைவர் வில்லியம் செல்லர்ஸ். நைஜீரியாவில் சுகாதாரத் துறையில் இருந்தவர். லாகோஸில் பிளேக் ஒழிப்பைப் பற்றிப் படம் எடுத்தவர். ஆப்பிரிக்கர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பது அவருடைய முடிவு. கேமரா நகரக் கூடாது, வெட்டு வேகமாக இருக்கக் கூடாது, ஒரு காட்சியில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்று தனி இலக்கணமே வகுத்தார். அந்தப் பிரிவு 1955 வரை நடந்தது.

அந்தக் காலத்தைப் பற்றிப் பலரும் சொல்லும் கோழிக் கதை ஒன்று உண்டு. ஜான் வில்சன் என்பவர் சொன்னதை 1962-இல் மார்ஷல் மக்லூகன் தன் புத்தகத்தில் எடுத்துப் போட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது பற்றிய சின்ன சுகாதாரப் படம். ஒவ்வொன்றையும் நிதானமாகக் காட்டுகிறார்கள். முடிந்ததும் சுமார் முப்பது பேர் இருந்த ஒரு கூட்டத்திடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். "கோழி" என்று பதில் வருகிறது. படம் எடுத்தவர்களுக்கு அதில் கோழி இருப்பதே தெரியாது. ஒவ்வொரு பிரேமாக ஓட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் ஒரே ஒரு விநாடி கோழி ஒன்று பயந்து பறந்து போகிறது.

படிப்பறிவில்லாதவர்களுக்கு முழுத் திரையையும் பார்க்கத் தெரியவில்லை என்பதற்குச் சான்றாகத்தான் இதை அறுபது வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு இது நேர் எதிராகத்தான் படுகிறது. எடுத்தவர் கண்ணில் படாதது பார்த்தவர் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் படத்தில் உயிரோட்டத்தோடு, தானாக நடந்த ஒரே காரியம் அந்தக் கோழிதான். மற்றதெல்லாம் யாரோ செய்யச் சொல்லிச் செய்தது. "ஏன் கோழி?" என்று திருப்பிக் கேட்டு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஊரைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவர்கள் பரிசோதித்தது பார்வையாளர்களை, படத்தை அல்ல.

இதற்கு மறுமொழி ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. செனகலின் உஸ்மான் செம்பேன் 1923-இல் பிறந்தவர். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு பிரெஞ்சில் நாவல் எழுதினார். தன் ஊர் ஜனங்களால் அந்த நாவல்களைப் படிக்க முடியாது என்று தெரிந்துதான், நாற்பது வயதை ஒட்டி மாஸ்கோ போய்ப் படமெடுக்கக் கற்றார். 1968-இல் வோலோஃப் மொழியிலேயே முழுநீளப் படம் எடுத்தார். சினிமாதான் ஆப்பிரிக்காவின் இரவுப் பள்ளிக்கூடம் என்று சொல்லி வந்தார். படச்சுருளை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போய்ப் போட்டுக்காட்டி, முடிந்ததும் பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். 2004-இல் வந்த அவருடைய கடைசிப் படம் 'மூலாதே' பெண்பிள்ளைகளுக்குச் சடங்காகச் செய்யும் பிறப்புறுப்புச் சிதைப்பைப் பற்றியது. பர்க்கினா ஃபாசோவில் ஒரு கிராமத்தில் எடுத்தது. அதில் ஊர் ஆண்கள் பெண்களிடமிருந்து ரேடியோக்களைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துவார்கள். வெளியுலகத்துக் குரல் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே சடங்கைப் பற்றி அதிகாரி எடுக்கும் படம் வேறு, செம்பேன் எடுத்த படம் வேறு. எதிர்த்து நிற்கும் பெண் அந்த ஊர்க்காரி. தீர்வும் அந்த ஊர் வழக்கத்துக்குள்ளிருந்தே, அடைக்கலத்துக்கு அடையாளமாக வாசலில் கட்டும் ஒரு கயிற்றிலிருந்தே வருகிறது.

மொசாம்பிக்கும் உண்டு. 1975-இல் விடுதலை கிடைத்த கையோடு திரைப்பட நிறுவனம் தொடங்கி, குஷா கனேமா என்ற செய்திப் படங்களை வண்டிகளில் ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுத்தறியாத காலம் அது. அதில் அரசின் குரல் அதிகம் என்ற குறையும் உண்டு. ஆனால் தங்கள் முகத்தைத் தங்கள் திரையில் பார்த்தார்கள்.

ஆகவே நாஞ்சிலான் சொல்வது பாதிதான் சரி. திரை கட்டுவதில் குற்றமில்லை. படத்தை யார் எடுத்தது, யார் தேர்ந்தெடுத்தது, முடிந்த பிறகு யார் பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

#6 நாஞ்சிலான்

ஐயா, கோழிக் கதை என்னைத் தூங்கவிடவில்லை. "கேள்வி இருக்கா?" என்று கேட்பதற்கும் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வரும் பதிலை மதிப்பதற்கும் எவ்வளவு தூரம். செம்மண்பாதை, அடுத்த முறை முதல் கேள்வியாக இதையே கேளுங்கள். கோழி என்று சொன்னால் கோழியைப் பற்றியே பேசுங்கள்.

#7 வடலி

நான் யாழ்ப்பாணம். கென்யாவில கக்குமா அகதி முகாமில மூண்டு வருசம் வேலை செய்தனான். துர்க்கானாப் பக்கம், புழுதியும் வெயிலும். 1992 இல சூடானில இருந்து நடந்து வந்த பெடியளுக்காகத் தொடங்கின முகாம். பிறகு சோமாலியா, எத்தியோப்பியா, கொங்கோ எண்டு கன நாட்டுச் சனம்.

அங்க ஃபில்ம்எய்ட் எண்ட அமைப்பு 2001 இல இருந்து படம் போட்டது. 1999 இல கொசோவோ அகதியளுக்காக மசிடோனியாவில தொடங்கினது அது. லொறியில திரையைக் கட்டிப் பின்னேரம் இருட்டினதும் திறந்த வெளியில போடுவினம். ஆயிரக்கணக்கில சனம் வரும்.

ஆனா எனக்குப் பெரிசாப் பட்டது இரவுப் படம் இல்லை. பகலில ஒரு சின்ன மண்டபத்தில குறைஞ்ச ஆக்களோட படம் போட்டுக் கதைக்கிறது இருக்கே, அதுதான். பொம்பிளையள் தனிய, பெடியள் தனிய. நடத்திறதும் அகதியளேதான். முகாமில இருக்கிற இளம் ஆக்களுக்குக் கமெராவும் எடிட்டிங்கும் பழக்கி, அவை எடுத்த படத்தை அவையின்ர சனத்துக்கே போட்டவை. வெளியில இருந்து வந்த படத்துக்கு ஒரு மாதிரி அமைதி. தங்கட ஆள் எடுத்த படத்துக்குச் சண்டையே வரும், "அது அப்பிடி இல்லை, இப்பிடித்தான் நடந்தது" எண்டு. அந்தச் சண்டையிலதான் விசயம் வெளியில வரும்.

தங்கச்சி, ஆம்பிளையள் சிரிச்சதுக்கு மனம் உடையாதேங்கோ. 500 பேருக்கு நடுவில இருக்கிற ஆம்பிளைக்கு, திரையில தன்ரை வீட்டைக் கண்டால் வேற என்ன செய்யத் தெரியும்? சிரிப்பு வந்த இடத்தைக் குறிச்சு வையுங்கோ. கதைக்க வேண்டிய இடம் அதுதான்.

நானும் ஒரு முகாமில இருந்து வளந்தவள் எண்டபடியால் இன்னொண்டும் சொல்லுறன். இலவசமாப் படம் எண்டு கூப்பிட்டிட்டு, வந்த சனத்தைப் புத்தி சொல்லுறதுக்குப் பிடிச்சு வச்சிருக்காதேங்கோ. முதல்ல ஒரு பாட்டு, ஒரு பகிடிப் படம், அந்த ஊர்ப் பந்தாட்டம். அவைக்கு ஒரு நல்ல இரவு குடுங்கோ. பொழுதுபோக்கும் மனுசருக்குத் தேவை.

#8 புள்ளிக்கணக்கு

பொதுச் சுகாதார ஆராய்ச்சியில் இருக்கிறேன். "உண்மையிலேயே ஏதாவது நடக்குமா" என்ற கேள்விக்கு உங்கள் உகாண்டாவிலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டொனால்ட் கிரீன், அன்னா வில்கே, ஜாஸ்பர் கூப்பர் ஆகியோர் செய்தது, 2020-இல் வெளியானது. 112 கிராமங்கள். கம்பாலாக்காரன் அண்ணன் சொன்ன அதே வீடியோ கொட்டகைகளில் இலவசத் திரைப்பட விழா. 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். முழுநீளப் படங்களுக்கு இடையில் சின்னச் சின்ன நாடகத் துண்டுகள். சில ஊர்களில் பெண்கள் மீதான வன்முறை பற்றி, மற்ற ஊர்களில் வேறு விஷயங்கள் பற்றி. எந்த ஊருக்கு எது என்பது குலுக்கல் முறையில். பல மாதம் கழித்து, திரைப்பட விழாவோடு சம்பந்தப்படுத்தாமல், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்.

முடிவு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மனைவியை அடிப்பது சரியா தவறா என்ற எண்ணத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால், நடப்பது தெரிந்தால் வெளியில் சொல்வேன் என்று சொன்ன பெண்கள் கூடினார்கள். வெளியில் சொன்னால் வம்பு பேசுகிறவள் என்று ஊர் தூற்றும் என்ற பயம் குறைந்திருந்தது. படம் போட்ட ஊர்களில் வன்முறையும் குறைந்திருந்தது. அதாவது மனம் மாறி அல்ல. பக்கத்து வீடு வாய் திறக்கும் என்ற நிலை வந்ததால்.

இது ஏன் முக்கியம்? உங்கள் படம் அடிக்கிறவனைத் திருத்தப் பார்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது கடினமான வேலை. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பேசுங்கள். கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. தனியாகப் போனில் பார்த்தால் எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஊரோடு பார்த்தால், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும்.

நைஜீரியாவிலும் ஒன்று உண்டு. அபிஜித் பானர்ஜியும் உடன் இருந்தவர்களும் தென்மேற்கு நைஜீரியாவில் 80 இடங்களில் இளைஞர்களுக்குக் கூடங்களில் டி.வி. தொடர் போட்டுக்காட்டினார்கள். பல இடங்களில் 'ஷுகா' என்ற தொடர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்ற இடங்களில் வேறொரு தொடர். ஷுகா பார்த்தவர்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போனவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெண்களிடம் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அந்தத் தொடர் பாடம் நடத்தவில்லை. காதல், துரோகம், நல்ல பாட்டு, அதற்குள் விஷயம்.

ஒரு எச்சரிக்கை. பெண்கள் வாய் திறந்தால், கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும். படம் போடுவதற்கு முன்பே அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் குழந்தைகள், குடும்பப் பாதுகாப்புப் பிரிவில் யார் இருக்கிறார், எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று பேசி வையுங்கள். பிள்ளைகளுக்கு 116 இலவச எண் இருக்கிறது. அந்தப் பெண் உங்கள் கையைப் பிடித்தபோது மொழிபெயர்ப்பாளர் வண்டியில் இருந்தார் என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன்.

#9 மேகமலை

நான் நர்ஸ். 2004-லிருந்து 2007 வரைக்கும் லெசோத்தோவுல ஒரு மலை ஆஸ்பத்திரியில இருந்தேன். பெரியவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருந்த நாடு. ஆனா யாருக்கும் இல்லைங்கிற மாதிரிதான் எல்லாரும் நடந்துக்குவாங்க. சவ அடக்கத்துல கூட "நெஞ்சு நோய்"னுதான் சொல்லுவாங்க.

தென்னாப்பிரிக்காவுல ஸ்டெப்ஸ்னு ஒரு அமைப்பு, டான் எட்கின்ஸ் தொடங்கினது. 2001 வாக்குல தெற்கு ஆப்பிரிக்க இயக்குநர்களைச் சேர்த்து எச்.ஐ.வி. பத்தி 30-க்கும் மேல படம் எடுத்தாங்க. "இப்படிச் செத்துப் போவீங்க"ன்னு பயமுறுத்துற படம் இல்ல. நோயோட வாழ்றவங்க காதலிக்கிறது, சண்டை போடுறது, சிரிக்கிறது. லெசோத்தோவுல மூணு இளைஞர்கள், தங்களுக்கு இருக்குன்னு வெளிப்படையா சொன்னவங்க, நடமாடும் சினிமாவோட மலை மலையா போனதையே ஒரு படமா எடுத்திருக்காங்க. படம் முடிஞ்சதும், அதுல வந்த ஆளே விளக்கு வெளிச்சத்துல நிப்பார். அதுதான் அவங்க முறை. கூட்டத்தை நடத்துறதுக்குன்னே ஆளுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. படத்துக்குச் செலவழிச்ச அக்கறையை அதுக்கும் செலவழிச்சாங்க.

எங்க ஆஸ்பத்திரி முற்றத்துலயும் ஒரு தடவை படம் போட்டோம். ஜூலை மாசம், கொல்லுற குளிர். எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கிட்டு, சில பேர் குதிரையை மதில்ல கட்டிட்டு வந்து உக்காந்தாங்க. படம் முடிஞ்சதும் எங்ககிட்ட மருந்து வாங்குற ஒரு தம்பி எழுந்து, "எனக்கும் இருக்கு, மூணு வருஷமா"ன்னு சொன்னான். யாரும் மூச்சு விடல. கூட்டத்தை நடத்தின அம்மா மைக்கைக் கீழ வச்சிட்டு சும்மா நின்னாங்க. நான் தவிச்சுப் போயிட்டேன், ஏதாவது பேசுங்கன்னு. அவங்க பேசல. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு தாத்தா கேட்டார்: "நீ என்ன சாப்பிடுறே?"

அவ்வளவுதான், அதுக்கப்புறம் கேள்வி நிக்கல. எங்க தூங்குறே, அம்மாவுக்குத் தெரியுமா, கல்யாணம் பண்ணுவியா. நோயைப் பத்திக் கடைசியிலதான் வந்தாங்க. மறுநாள் காலையில அந்தத் தாத்தா பேத்தியைக் கூட்டிக்கிட்டு பரிசோதனை அறை வாசல்ல நின்னார்.

அதனால, தம்பிமார் தங்கச்சிமாருக்கு: கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள அறுபது வரைக்கும் எண்ணுங்க. நாமதான் அமைதியைத் தாங்க முடியாம அவசரப்பட்டு மைக்கை எடுத்துடறோம்.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்தத் தம்பிகிட்ட முன்னாடியே மூணு தடவை கேட்டு, வீட்டுலயும் பேசி, அன்னிக்குச் சாயங்காலமும் "வேண்டாம்னா வேண்டாம்"னு சொல்லித்தான் எழுந்திரிக்க விட்டோம். யாரையும் கூட்டத்துல தள்ளி விட்டுடக் கூடாது.

#10 செம்மண்பாதை

நீங்க எல்லாரும் எழுதினதை ஆபீஸ்ல எங்க ஆளுங்களுக்கு வாய்மொழியா மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்க சமையல் பார்க்கிற அக்கா இந்த ஊர்க்காரங்க. கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "பொம்பளைங்க ஏன் பாதியில போனாங்கன்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே"ன்னாங்க. ராத்திரி அடுப்புல போஷோ (மக்காச்சோள மாவுக் களி) கிண்டணும். புருஷன் வீட்டுக்கு வரும்போது சாப்பாடு இல்லேன்னா அன்னிக்கே அடி. நாங்க அடியைப் பத்திப் படம் போட்டு, அந்தப் படத்தாலயே அடி வாங்க வைக்கப் பார்த்திருக்கோம். ஒன்றரை வருஷமா அவங்க கையால சாப்பிடுறேன், ஒரு தடவை கேட்டதில்ல.

#11 வடலி

பகலில போடுங்கோ. பொம்பிளையளுக்குத் தனிய. கிளினிக்குக்குக் குழந்தையளைக் கொண்டு வாற நாள் எது எண்டு பாத்து, அண்டைக்கு.

#12 திரைக்குப்பின்

அந்தச் சமையல்கார அம்மாவை அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்.

#13 செம்மண்பாதை (ஏழு வாரம் கழிச்சு)

போட்டுட்டோம். கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

பழைய படத்தை விட்டுட்டோம். அந்த அக்காவும், ரெண்டு டீச்சரும், ஊர் சுகாதாரத் தொண்டர் ஒருத்தரும் சேர்ந்து கதை சொல்ல, லிராவுல கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பையன் 12 நிமிஷத்துக்கு எடுத்தான். லாங்கோ மொழி, நடிச்சது எல்லாம் ஊர் ஆளுங்க. கதையில அடிக்கிறவனும் அடி வாங்குறவளும் திரையில வரவே இல்ல. பக்கத்து வீட்டுல மூணு பேர் உக்காந்து சாப்பிடுறாங்க, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்குது. அவ்வளவுதான் படம். புள்ளிக்கணக்கு சொன்னதுல இருந்து வந்த யோசனை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில கிளினிக் கூடத்துல ஒரு டி.வி. வச்சுப் பொம்பளைங்களுக்கு மட்டும் போட்டோம், முப்பது பேர் இருக்கும். அங்க பேசினதை இங்க எழுத மாட்டேன். போலீஸ்ல அந்தப் பிரிவு அம்மாவை முன்னாடியே வந்து அறிமுகம் பண்ண வச்சிருந்தோம், சீருடை இல்லாம.

ராத்திரி மைதானத்துல. முதல்ல அன்னிக்குச் சாயங்காலம் பிள்ளைங்க பந்து விளையாடினதை எடுத்து அரை மணி நேரம் போட்டோம். தங்களைத் திரையில பார்த்து அவங்க போட்ட கூச்சல் இன்னும் காதுல இருக்கு. அப்புறம் எங்க படம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் அதிகமாகிற இடத்துல பையன் படத்தை நிறுத்தினான். டீச்சர் மைக்குல ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "என்ன பார்த்தீங்க?"

அப்புறம் நான் எண்ணினேன். முப்பத்தெட்டு வரைக்கும் போனேன்.

ஒருத்தர் சொன்னார்: "அவங்க சாப்பிடுறதை நிறுத்தல." உடனே இன்னொருத்தர்: "படத்துல வர்ற அந்தச் சின்னப் பையன் நிறுத்தினான், பாருங்க, கையில எடுத்தது அப்படியே இருக்கு." எனக்கே அது தெரியாது. ஓட்டிப் பார்த்தா அந்தப் பொடியன் உண்மையிலேயே கவளத்தைக் கையில வச்சுக்கிட்டு சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லல. திரைக்குப்பின் ஐயா, உங்க கோழி!

எல்.சி.1னு சொல்ற கிராம சபையோட தலைவர் எழுந்து, அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுறது மரியாதை இல்ல, குலத்துப் பெரியவங்ககிட்டதான் போகணும்னு சொன்னார். நிறைய ஆம்பளைங்க தலையாட்டினாங்க. பெரியவர் காலையிலதான் வருவார், அதுவரைக்கும் அவ தாங்கணுமான்னு ஒரு இளம்பெண் உக்காந்த இடத்துல இருந்தே கேட்டா. சலசலப்பு. அப்ப ஒரு பாட்டி, கோலை ஊன்றி எழுந்து சொன்னாங்க. நான் சண்டையை விலக்கப் போறேன்னு ஏன் போகணும்? நெருப்பு வாங்கப் போவேன். என் அடுப்பு அணைஞ்சு போச்சு, ஒரு கங்கு குடுன்னு வாசல்ல நிப்பேன். யாரும் நெருப்பு இல்லேன்னு சொல்ல முடியாது. அவன் கையை இறக்கித்தான் ஆகணும்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. உப்பு கேட்டுப் போவேன். சல்லடை கேட்டுப் போவேன். ஒரு ஆள், என் ஆடு உங்க பக்கம் வந்துச்சான்னு கேட்டுப் போவேன்னான். இந்தத் தடவையும் சிரிப்பு வந்துச்சு. எனக்கு உடம்பு ஆடல.

மொழிபெயர்க்கிறவர் கடைசி ஆள் போற வரைக்கும் என் பக்கத்துலயே நின்னார். ரெண்டு பேர் வந்து பேசினாங்க. முதல் தடவை என் கையைப் பிடிச்ச அந்தப் பெண்ணோட ஊருக்கு அடுத்த மாசம் திரும்பப் போறோம். அவங்க வருவாங்களா தெரியாது. முதுகுல குழந்தையோட இருக்கிற ஒவ்வொருத்தரையும் பார்த்துக்கிட்டு நிக்கத்தான் போறேன்.

நாஞ்சிலான் அண்ணா, படத்தை நான் எடுக்கல, நான் தேர்ந்தெடுக்கவும் இல்ல. துணி மட்டும் நான் கட்டினேன்.

கம்பாலாக்காரன் அண்ணா, ஜெனரேட்டர் அன்னிக்கு ரெண்டு தடவை நின்னுடுச்சு. பாட்டி பேசினது அந்த இருட்டுலதான், மைக்கே இல்லாம. ஆனாலும் சோலார் பேட்டரியில ஓடுற மாதிரி ஏதாவது கிடைக்குமா?

#14 நாஞ்சிலான்

நெருப்பு வாங்கப் போவேன் என்பதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் தெருவிலும் ஒருத்தி இப்படித்தான் மோர் கேட்டுப் போவாள் என்று ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

#15 கம்பாலாக்காரன்

தங்கச்சி, 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு, இன்வெர்ட்டர், மடக்கு சோலார் பேனல் ரெண்டு கட்டி வச்சிட்டேன். சின்ன எல்.இ.டி. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் நாலு மணி நேரம் தாராளமா ஓடும். வியாழக்கிழமை ராத்திரி லிரா பஸ்ல ஏத்துறேன், வெள்ளிக்கிழமை விடியக்காலையில டவுன் பார்க்ல ஆள் அனுப்புங்க. பேட்டரியைப் படுக்க வைக்க வேண்டாம்னு கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், நீங்களும் இறக்கும்போது பார்த்துக்கோங்க. பணம் அப்புறம் பேசிக்கலாம். சிவப்பு ஒயர் பிளஸ்.